டிரில் பிட்டை எதில் வைப்பது: டின்னா, கேஸா, ரோலா, மரக்கட்டையா?

போன ஆடியில் பெரம்பூரில் ஒரு வீட்டில் கதவு நிலைக்குத் தேக்குப் பட்டி அடித்துக்கொண்டிருந்தோம். முக்கால் இஞ்ச் கனம். 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மில்லி பிட்டால் ஓட்டை போட்டுவிட்டு ஏற்றினால் அது பாட்டுக்கு இறங்கும். அன்று பார்த்து 3 மில்லி பிட்டைக் காணோம். 2 இருந்தது, 4 இருந்தது, எதற்கு வாங்கினோம் என்றே தெரியாத 9.5 கூட இருந்தது. 4இல் போட்டால் மரை பிடிக்க மரம் மிஞ்சாது. "ரெண்டுலயே போட்டு ஏத்திடலாம்ணே" என்றான் கூட இருந்த பையன். நானும் சரி என்றேன். ஸ்க்ரூ தலை வரை இறங்கும் நேரத்தில் நார் வாக்கில் டப்பென்று பிளந்தது. எட்டடிப் பட்டி. அன்றைய கூலி அதோடு சரி.

காணாமல் போன பிட் மறுநாள் பட்டறையில் கூட்டி வைத்த மரத்தூளில் கிடைத்தது. இரண்டு நாள் முன்பே விழுந்திருக்கிறது. அது டின்னில் இல்லை என்பதே சைட்டுக்குப் போய் நிற்கும்வரை எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பிட்டை எதில் வைப்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வருடமாக நாலைந்து வழி மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இன்று எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஒரு பிட் குறைந்தால் இது எனக்குக் காட்டிக் கொடுக்குமா?

இரண்டாவது கவலை துரு. எங்கள் பட்டறை பழைய வண்ணாரப்பேட்டையில். காசிமேடு சைக்கிள் மிதிக்கும் தூரம். மதியம் கடல் காற்று எழும்பினால் உளி, இழைப்புளி, பிட் எல்லாமே உப்பு வாங்கும். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) என்று எழுதியிருப்பதால் பிட் துருப்பிடிக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. எவர்சில்வர் என்று பெயர் வாங்க இரும்பில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்க வேண்டும். நாம் வாங்கும் சாதாரண எச்.எஸ்.எஸ். பிட்டில் 4 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். வேகமாகச் சுற்றிச் சூடானாலும் பதம் இறங்காது என்பதுதான் அதன் பெருமை, துருவுக்கு அது பதில் இல்லை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வியர்வைக் கையால் தொட்டு அப்படியே வைத்தாலும் அதே உப்புதான். துரு முதலில் உட்காருவது பிட்டின் முறுக்குப் பள்ளத்தில். பள்ளம் சொரசொரப்பானால் தூள் மேலே ஏறி வராது, உள்ளேயே அடைத்துச் சூடாகி ஓட்டையின் சுவர் கருகும். பிட் மழுங்கிவிட்டது என்று நாம் புதிது வாங்குவோம்.

அப்புறம் அளவுக் குழப்பம். எங்களோடு வரும் பெரிய ஆசாரிக்கு இன்றும் நூல் கணக்குதான். இஞ்சுக்கு எட்டு நூல், ஆகவே ஒரு நூல் என்பது 3.175 மில்லி, இரண்டு நூல் 6.35. பையன்களுக்கு மில்லிதான் தெரியும். ஒரு நூல் கேட்டால் 3 மில்லியை எடுத்துக் கொடுப்பான், அதில் ஒன்றும் குடி மூழ்காது. ஆனால் 6 மில்லி டவலுக்கு, அதாவது இரண்டு பலகையை இணைக்கும் உருண்டை மர ஆணிக்கு, இரண்டு நூல் பிட்டால் ஓட்டை போட்டுவிட்டால் டவல் லொடலொடவென்று ஆடும், ஃபெவிகாலை ஊற்றி நிரப்ப வேண்டியதுதான். பிட்டின் தண்டில் பொறித்த எண்ணோ, டிரில்லில் பிட்டைக் கவ்வும் சக்கில் நாலு தரம் வழுக்கினால் அழிந்துவிடும். அதனால் அளவு பிட்டில் இருந்தால் போதாது, அது உட்காரும் இடத்திலும் இருக்க வேண்டும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

பிஸ்கட் டின்னில்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். காசு கிடையாது, எந்த நீளமும் அடங்கும், மூடியைத் தட்டினால் மூடிக்கொள்ளும். அதற்கு மேல் நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எச்.எஸ்.எஸ். கடினமானது, அதனாலேயே ஓரம் பொரியக்கூடியது. இருபது பிட்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து பைக்கில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வியாசர்பாடி வரை குலுங்கினால் வாய் வாயோடு மோதும். அதோடு சுவர் பிட்டையும் சேர்த்துப் போட்டால் அதன் கார்பைடு முனை மற்றதை எல்லாம் கீறி வைக்கும். மரத்துக்கென்றே வரும் பிட், நடுவில் கூர்முள்ளும் ஓரத்தில் இரண்டு கத்தியும் உள்ளது, அதற்குத்தான் அடி அதிகம். அந்த ஓரக் கத்தி பொரிந்தால் பிளைவுட்டில் ஓட்டையின் விளிம்பு பிய்ந்து வரும். துழாவும்போது நகக்கண்ணில் 2 மில்லி பிட் ஏறினால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வந்தபோது கீழ்த் தட்டில் இருந்த டின்னும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு வேறு வேலைகளில் அதைத் திறக்க மறந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே செங்கல் நிறம். எங்களிடம் டின் இன்னும் இருக்கிறது. மழுங்கியவை, சாணைக்குப் போக வேண்டியவை மட்டும் அதில் கிடக்கும்.

அடுத்தது கடையில் செட்டோடு வரும் கேஸ். தகரத்தில், திறந்தால் படிப்படியாக விரிவது ஒரு வகை. பிளாஸ்டிக்கில் புத்தகம் போல் பிரிவது இன்னொன்று. 1இலிருந்து 10 மில்லிவரை அரை அரை மில்லியாக ஏறினால் 19 பிட், 13 வரை போனால் 25. ஒவ்வொரு பொந்துக்கும் பக்கத்தில் அளவு அச்சிட்டிருக்கும். எது இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். என் முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். மூடி வைத்தால் காற்று அவ்வளவாகப் போகாது, செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உள்ளே போட்டு மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் துருவும் கட்டுக்குள் இருக்கும். தகரக் கேஸில் மூலையில் பெயிண்ட் உரிந்தால் கேஸே துருப்பிடிக்கும், அங்கே கொஞ்சம் கண் வைக்க வேண்டும்.

எனக்கு ஒத்துவராத இடம் வேறு. இது ஃபிட்டருக்காகச் செய்த பெட்டி, தச்சனுக்காக அல்ல. இரும்பில் வேலை செய்கிறவருக்கு 6.5க்கும் 7க்கும் நடுவில் வாழ்க்கையே இருக்கிறது. நமக்கு ஒரு நாளில் ஓடுவது 3, 4, 5, 6, 8. அதிலும் 3 மில்லிதான் பாதி நாள். கேஸில் 3 மில்லிக்கு ஒரே ஒரு பொந்து. அது உடைந்தால் மாற்று எங்கே வைப்பது? கேஸின் மூலையில் சும்மா போட்டு வைத்தோம், கொஞ்ச நாளில் அந்த மூலையே குட்டி பிஸ்கட் டின் ஆகிவிட்டது. தட்டை பிட், கதவு கீலுக்கான பெரிய பிட் எதுவும் அதில் நுழையாது. ஸ்டூல் மேலிருந்து ஒருமுறை கேஸ் கவிழ்ந்தது. பத்தொன்பதும் மாடிப்படியில் உருண்டு போக, அந்த வீட்டுக் குழந்தைகள் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

ஆனால் வீட்டில் சொந்தமாக அலமாரி, ஷெல்ஃப் மாட்டுகிறவர், மாதம் ஒருமுறை டிரில்லைத் தொடுகிறவர் என்றால் நான் கேஸைத்தான் சொல்வேன், வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பாரிமுனைப் பக்கம் லிங்கிச் செட்டி தெரு, செம்புதாஸ் தெருவில் ஏறி இறங்கினால் செட்டும் கிடைக்கும், தனி பிட்டும் கிடைக்கும். செட் வாங்கும் அன்றே 3 மில்லி தனியாக நாலு வாங்கிவிடுங்கள்.

ரோல் விஷயத்துக்கு வருகிறேன், அதாவது வரிசையாகப் பை தைத்துச் சுருட்டிக் கட்டும் துணி. சைட் சைட்டாக அலைகிறவனுக்கு இதை விட்டால் வேறு கிடையாது. முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் முதல் ரோலைத் தப்பாகத் தைத்தேன்.

முதலில் ரெக்சின் துணியில் தைத்தேன். ஆட்டோ சீட் தைக்கிறவர் ஒருவர் மீந்த துண்டில் ஒரு பிரியாணி விலைக்கு முடித்துக் கொடுத்தார். பார்க்க மிடுக்காக இருந்தது. தண்ணீர் உள்ளே போகாது என்று நினைத்தேன், உள்ளே போன ஈரம் வெளியே வராது என்பதை யோசிக்கவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் வியர்வைக் கையோடு சுருட்டிக் கட்டினோம், மறுநாள் விடுமுறை. பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பிட்டும் தன் உருவத்தை ரெக்சினில் காவியால் வரைந்து வைத்திருக்கிறது. இரண்டாவது ரோல் கெட்டிக் கித்தான். அது காற்று வாங்கும். நனைந்தால் அதுவும் தண்ணீர் குடிக்கும்தான், ஆனால் விரித்துக் கொடியில் போட்டால் காய்ந்துவிடும். நனைந்த ரோலைச் சுருட்டி வைக்கக் கூடாது, இது ஒன்றுதான் கித்தானுக்குச் சட்டம்.

அடுத்த தப்பு, பிட்டின் முனையைக் கீழே வைத்துச் செருகினோம். ஒரே மாதத்தில் எல்லாப் பைக்கும் அடியில் பொத்தல். இப்போது தண்டு கீழே, முனை மேலே. மேலே ஒரு மடிப்பு வந்து முனைகளை மூடும். பையின் அடியில் மட்டும் ஒரு தோல் பட்டை வைத்துத் தைத்திருக்கிறது. பெரியமேட்டில் தோல் கடைகளில் துண்டுத் தோல் சல்லிசாகக் கிடைக்கும், அதற்கு அலைய வேண்டாம். தண்டு கீழே போனால் அதில் உள்ள எண் மறைந்துவிடும் என்பது புதுத் தொல்லை. அதற்குத் துணியிலேயே, பையின் வாய்க்குக் கீழே, அழியாத மார்க்கரால் மேலே மில்லியும் கீழே நூலும் எழுதிவிட்டேன். பெரிய ஆசாரி கீழ் வரியைப் படிப்பார், பையன் மேல் வரியை.

பத்து பைதான் வைத்தேன். 2, 3, 3, 3, 4, 5, 6, 8, 10, கடைசியில் ஸ்க்ரூ தலை உட்காரக் குழி போடும் பிட். 3 மில்லிக்கு மூன்று பை. இருபது பை வைத்துத் தைப்பது பெரிய ஆசை, செய்யாதீர்கள். பை காலியாகவே கிடந்து பழகிவிட்டால் எது தொலைந்தது, எது எப்போதுமே இல்லாதது என்று கண் பிரிக்காது. ரோல் காட்டிக் கொடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு பையும் நிரம்பியிருக்க வேண்டும்.

பட்டறையில் நிற்பது மரக்கட்டை. நாமே தச்சர்கள், கட்டைக்குப் பஞ்சமா? ஆனால் இதிலும் ஒரு கட்டை வீணான பிறகுதான் சரியான கட்டை வந்தது.

முதல் கட்டையில் எந்த பிட்டோ அதே பிட்டால் ஓட்டை போட்டேன். வெயில் காலத்தில் நன்றாக இருந்தது. மழை வந்ததும் மரம் ஊதி பிட் எல்லாம் சிக்கிக்கொண்டன, குறடு வைத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. இப்போது ஒவ்வொன்றுக்கும் அரை மில்லி பெரிய ஓட்டை. அடுத்து, ஓட்டையைப் பாதி ஆழத்தில் நிறுத்தியிருந்தேன். அதில் மரத்தூள் இறங்கி, தூள் ஈரம் வாங்கி, சரியாகத் தண்டின் அடியில் துரு. இப்போது ஓட்டை கட்டையை ஊடுருவிப் போகிறது. அடியில் எவர்சில்வர் வலைத் துண்டு ஒன்றை வைத்து ஸ்டேபிள் அடித்து, கட்டைக்கு நாலு மூலையிலும் சின்னக் கால் வைத்தேன். பிட் வலையில் நிற்கும், தூள் கீழே கொட்டிவிடும். கட்டை ரப்பர்வுட்டோ பழைய தேக்குத் துண்டோ எதுவானாலும் சரி. கருவேலங்கட்டை மட்டும் வேண்டாம். தோல் பதனிட அதன் பட்டை உதவுவதற்குக் காரணமான அந்தத் துவர்ப்பு, ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைக் கறுக்க வைக்கும்.

வரிசைக்கு வரிசை ஒரு இஞ்ச் இடைவெளி, பின் வரிசை முன் வரிசையைவிட ஒரு படி உயரம். விரல் நுழைய வேண்டுமே. 3 மில்லிக்கு ஐந்து ஓட்டை, 4க்கு மூன்று, மற்றதற்கு ஒன்று அல்லது இரண்டு. கேஸ் தராத சுதந்திரம் இதுதான்.

பின்பலகை யோசனை என்னுடையது அல்ல. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ரிட்டயரான தாத்தா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அங்கே ஸ்பேனர் மாட்டும் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனரின் நிழலையும் பெயிண்ட்டால் வரைந்து வைத்திருப்பார்களாம். என் கட்டையைப் பார்த்துவிட்டு, "இருக்கிறத அடுக்க எவனுக்கும் தெரியும்பா. இல்லாதது எங்க தெரியுது?" என்று கேட்டார். அன்று மாலையே கட்டைக்குப் பின்னால் வெள்ளை சன்மைக்கா துண்டு ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு பிட்டுக்குப் பின்னாலும் அதன் உருவத்தைக் கறுப்பில் வரைந்தேன். பிட் இருந்தால் கோடு மறையும். எடுத்துவிட்டால் வெள்ளையில் கறுப்பு நிழல் மட்டும் நிற்கும். பட்டறை வாசலிலிருந்தே தெரிகிறது.

மரக்கட்டையின் குறை, திறந்து கிடப்பதுதான். கடல் காற்று நேராக அடிக்கிறது. வாரம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் எல்லாவற்றையும் துடைக்கிறோம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்கு ஏறித் தூளைப் பிடித்து வைக்கும். எண்ணெய் போட்ட பிட்டை அப்படியே மரத்தில் இறக்கவும் கூடாது. ஓட்டையைச் சுற்றி எண்ணெய் ஊறினால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காது. காய்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுச் சக்கில் மாட்டுங்கள்.

சுவரில் காந்தப் பட்டை ஒட்டி அதில் பிட்டை ஒட்ட வைப்பது இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள். அழகாக இருக்கும். எங்களுக்குச் சரிப்படவில்லை. காந்தத்தில் கிடந்து கிடந்து பிட்டும் கொஞ்சம் காந்தமாகிவிடும். அடுத்து கீல் தகட்டில் ஓட்டை போட்டால் இரும்புத் துகள் அதிலேயே ஒட்டி நிற்கும். கையில் தட்டினால் போகாது. ஒட்டும் இடம் இதுதான் என்று இல்லாததால் குறைந்தது எது என்றும் தெரியாது. இரண்டு மாதத்தில் பட்டையைக் கழற்றிவிட்டேன். கட்டம் கட்டமாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பாவும் நீள பிட்டுக்கு ஆகாது, அறுகோணத் தண்டு உள்ள குட்டை பிட், ஸ்க்ரூ முனைகளுக்கு மட்டும் சரி.

எதிலும் அடங்காதவை சில உண்டு. அலமாரிக் கதவுக்கு உட்பக்கம் மறைந்திருக்கும் ஆட்டோ கீலின் கிண்ணத்துக்கு 35 மில்லிக் குழி போடும் பிட் அதில் முதல். அதன் விளிம்பு முழுவதும் கத்தி, ஒரு பொரி விழுந்தாலும் லாமினேட்டில் தெரியும். வாங்கும்போது தலையில் மாட்டி வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்கு மேல் நல்ல உறை கிடையாது. தண்டைக் கட்டையில் செருகி மூடியோடு நிறுத்தி வைக்கிறோம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு இஞ்ச் விட்டு. இன்னொன்று நீள ஆகர் பிட், கனமான மரத்தில் ஆழமாக ஓட்டை போடுவது. ராயபுரத்தில் மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் உத்திரம் பழுது பார்க்கும் வேலை வரும்போதுதான் அது வெளியே வரும், மற்ற மாதங்களில் தூங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு பி.வி.சி. பைப், இரண்டு பக்கமும் மூடி, உள்ளே எண்ணெய் தொட்ட பழைய துணி. மூடியில் அளவு. சுவர் பிட்டுகள் மரக்கட்டைப் பக்கமே வரக் கூடாது என்பது எங்கள் பட்டறை விதி. தண்டில் சிவப்பு டேப் சுற்றி வேறு அலமாரியில். அவசரத்தில் மர பிட்டைச் சுவரில் இறக்கிவிட்டால் அது அன்றோடு டின்னுக்குத்தான் போகும்.

ஆக எங்களிடம் இப்போது இருப்பது ஒரு கட்டை, ஒரு ரோல். ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறவருக்குக் கட்டை மட்டும் போதும். பட்டறையே இல்லாமல் வீடு வீடாகப் போகிறவர் கட்டை செய்ய மெனக்கெட வேண்டாம், ரோலை நன்றாகத் தைத்துக்கொள்ளட்டும். எங்களைப் போல் இரண்டிலும் கால் வைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கட்டையிலிருந்து எடுத்து ரோலை நிரப்பாதீர்கள். நாங்கள் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தோம். காலையில் ஐந்து பிட் கட்டையிலிருந்து ரோலுக்குப் போகும், மாலையில் மூன்று திரும்பி வரும், மற்ற இரண்டு எங்கே என்று ஆளாளுக்கு ஒரு கதை. ரோலுக்கென்று தனி பிட் வாங்கி அதன் தண்டில் பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு வைத்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

கழற்றிய காந்தப் பட்டைக்கும் ஒரு வேலை கிடைத்தது. போன வாரம் திருவொற்றியூரில் வேலை முடிந்து ரோலைக் கட்டும் முன் பையன் பைகளை எண்ணினான். "3 ஒண்ணு கம்மிண்ணே." லிஃப்ட் வரை போயிருந்த நான் திரும்பி வந்தேன். பட்டையை எடுத்து ஒரு பாலித்தீன் பையில் சுற்றி, பெருக்கிக் குவித்த தூளின் மேல் இரண்டு தரம் இழுத்தான். பிட் ஒட்டிக்கொண்டு வந்தது. கூடவே இரண்டு ஸ்க்ரூவும், கண்ணாடிக்காரர் விட்டுப் போன ஒரு ஆணியும்.